நடுக்கத்தின் வரலாறு – 9: பூனைக்காலி விதையும் பட்டினி கிடக்கும் செல்லும்

திருவண்ணாமலைக் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் நாட்டு மருந்துக் கடை எதிலாவது பூனைக்காலி விதை வேண்டும் என்று கேட்டால், கறுப்பா வெள்ளையா என்று திருப்பிக் கேட்டுவிட்டு எடை போட்டுத் தருவார்கள். வேலியிலும் புதரிலும் படர்கிற கொடி அது. காயின் மேலுள்ள மயிர் தோலில் பட்டால் அரிப்பு தாங்காது. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்கு அந்த எரிச்சல் நன்றாகத் தெரியும். சித்த மருத்துவர்கள் விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கித் தாது பலத்துக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் கொடுத்து வருகிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு இன்று உலகம் முழுவதும் முதன்மை மருந்தாக இருப்பது லெவோடோபா. அது இந்த விதைக்குள் இருக்கிறது என்பதை 1937-இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையில் வேலை பார்த்த இரண்டு வேதியியலாளர்கள்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரின் நிலையை வைத்து எழுதிய சிறுநூலைப் பற்றி முன்பே பேசியிருக்கிறோம். நம் மருத்துவ நூல்கள் கம்பவாதம் என்று குறித்த நடுக்கத்தையும் பார்த்தோம். 1919-இல் கான்ஸ்டன்டின் திரெத்தியாக்காஃப், நோயுற்றவர்களின் நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்ற பகுதி வெளுத்துக் கிடப்பதைப் பாரிசில் எழுதி வைத்தார். எந்த இடம் கெடுகிறது என்பது அன்றே தெரிந்துவிட்டது. ஏன் கெடுகிறது என்ற கேள்விக்கு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு உருப்படியான பதில் இல்லை. அந்தப் பதில் தேடிய கதைதான் இந்த அத்தியாயம்.

சேப்பாக்கத்திலிருந்து தொடங்குவோம். மதராஸ் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் எம். தாமோதரனும் ஆர். ராமஸ்வாமியும் பூனைக்காலி விதையிலிருந்து டோபா என்ற அமினோ அமிலத்தைத் தூய நிலையில் பிரித்தார்கள். அவர்களின் கட்டுரை இங்கிலாந்தின் உயிர்வேதியியல் இதழில் வெளிவந்தது. ஐரோப்பாவில் 1913-இலேயே மார்க்கஸ் குகன்ஹைம் இதே பொருளை ஒருவகை அவரையிலிருந்து எடுத்திருந்தார். அதனால் பொருள் புதிதல்ல. ஆனால் பூனைக்காலியில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு அளவுக்குச் செறிந்திருக்கிறது. அப்போது அதை வைத்து என்ன செய்யலாம் என்று உலகில் யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமைன் என்ற ஒன்று வேலை செய்கிறது என்பதே அடுத்த இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. பயன் தெரியாத காலத்தில் பொறுமையாகச் செய்யப்பட்ட அந்த வேலை நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாவது இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

1957-இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். முயல்கள் காது தொங்கி, அசையாமல் கிடந்தன. பிறகு டோபாவை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் அவை எழுந்து நடமாடின. ரெசர்பின் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேரிலிருந்து. கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் 1931-இல் அந்த வேர் இரத்த அழுத்தத்தைக் குறைப்பதையும் மனநோயைத் தணிப்பதையும் எழுதியிருந்தார்கள். அசைவை நிறுத்திய பொருளும், அதை மீட்டுத் தந்த பொருளும் இந்தியச் செடிகளில் இருந்தவை. இரண்டும் ஒரே முயலின் உடம்பில் சந்தித்தது வேறொரு நாட்டு ஆய்வகத்தில். கார்ல்சனுக்கு 2000-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பின் நடந்தவை வேகமானவை. 1960-இல் வியன்னாவில் எரிங்கரும் ஹோர்னிகீவிச்சும், பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் மூளையில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார்கள். மறு ஆண்டு ஹோர்னிகீவிச்சின் தூண்டுதலில் பிர்க்மையர் நோயாளிகளுக்கு லெவோடோபாவை ஊசி வழியாகச் செலுத்தினார். படுக்கையில் எழ முடியாதவர்கள் எழுந்தார்கள். சில மணி நேரத்தில் பழையபடி படுத்தார்கள். 1967-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் டோபாவைச் சிறுகச் சிறுகக் கூட்டி வாய்வழியே கொடுத்தபோதுதான் அது நிலையான சிகிச்சை ஆனது. டோபமைனை நேராகக் கொடுத்தால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது, டோபா நுழையும். மூளைக்கு வெளியே அது வீணாகி வாந்தி வராமல் இருக்க, பின்னாளில் கார்பிடோபா என்ற துணை மருந்தும் சேர்க்கப்பட்டது.

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். விதையில் மருந்து இருக்கிறது என்றால் கடையில் வாங்கி இடித்துக் குடிக்கலாமே என்று யாருக்கும் தோன்றும். கேள்வி நியாயமானது. பொலிவியாவில் 18 நோயாளிகளை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வு, வறுத்து இடித்த பூனைக்காலிப் பொடி ஒரு வேளைக்கு மாத்திரை அளவுக்கே வேலை செய்வதைக் காட்டியது. அதே குழுவினர் அடுத்து அதைத் தினமும் கொடுத்துப் பார்த்தபோது, எடுத்துக்கொண்டவர்களில் பாதிப்பேர் வயிற்றுக் கோளாறாலும் நோய்க்குறி கூடியதாலும் நிறுத்த வேண்டியதாயிற்று. விதைக்கு விதை, மண்ணுக்கு மண் டோபாவின் அளவு மாறும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் அதோடு இந்தப் பொடியையும் சேர்த்தால் அவருக்கே தெரியாமல் மருந்து இரட்டிப்பாகும். மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடங்கவும் கூடாது, மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது.

மாத்திரையோ பொடியோ, இரண்டும் செய்வது ஒரே வேலைதான்: குறைந்துபோன டோபமைனை ஈடு கட்டுவது. அதைச் சுரக்கும் செல்கள் செத்துக்கொண்டே இருக்கின்றன. ஐந்தாறு ஆண்டுகளில் ஒவ்வொரு வேளை மருந்தின் பலனும் சீக்கிரம் தேய்ந்துபோவதை நோயாளிகளின் வீட்டார் அறிவார்கள். அந்தச் செல்களைக் கொல்வது எது?

பதிலின் முதல் நுனி மிகவும் சோகமான ஒரு வழியில் கிடைத்தது. 1982 ஜூலையில் கலிபோர்னியாவின் சான்ட்டா கிளாரா வட்டார மருத்துவமனைக்கு நாற்பதுகளில் இருந்த ஒருவரைச் சிறையிலிருந்து கொண்டு வந்தார்கள். பேச்சில்லை, அசைவில்லை. மனநோய் என்றே முதலில் நினைத்தார்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் பரிசோதித்தபோது, விரலிடுக்கில் பென்சிலை வைத்ததும் அவர் மெல்ல எழுதத் தொடங்கினார். மனம் தெளிவாக இருந்தது. உடம்பு மட்டும் பூட்டிக்கொண்டிருந்தது. பத்து, இருபது ஆண்டுகளில் வர வேண்டிய பார்க்கின்சன் நிலை சில நாட்களில் வந்திருந்தது. தேடியதில் அதே வட்டாரத்தில் மொத்தம் ஆறு பேர் இப்படிக் கிடைத்தார்கள். எல்லோரும் கள்ளத்தனமாகத் தயாரித்த ஒரு செயற்கை ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள்.

மருந்தைச் சமைத்தவர் அவசரப்பட்டதில் எம்பிடிபி என்ற வேண்டாத வேதிப்பொருள் அதில் கலந்திருந்தது. 1976-இல் மேரிலாந்தில் ஒரு வேதியியல் மாணவருக்கும் இதே கதி நேர்ந்து, அது 1979-இல் பெரும்பாலோர் படிக்காத ஓர் இதழில் பதிவாகியிருந்தது. அந்தப் பழைய கட்டுரைதான் துப்புக் கொடுத்தது. லாங்ஸ்டன் குழுவின் கண்டுபிடிப்பு 1983-இல் வெளிவந்தது. ஒரே ஒரு வேதிப்பொருள் சப்ஸ்டான்ஷியா நைக்ராவைத் தேடிப்போய் அழிக்கும் என்றால், அது எப்படி அழிக்கிறது என்று தெரிந்துகொள்வது நோயையே தெரிந்துகொள்வதற்குச் சமம். உலகத்து ஆய்வகங்கள் எல்லாம் அந்தக் கேள்வியின் மேல் விழுந்தன.

வழி இதுதான். எம்பிடிபி தன்னளவில் கேடு செய்யாது. மூளைக்குள் நுழைந்ததும் மோனோ அமீன் ஆக்சிடேஸ்-பி என்ற நொதி அதை எம்பிபி அயனியாக மாற்றுகிறது. டோபமைனை உள்ளே எடுத்துக்கொள்ளும் புரதம் இதையும் டோபமைன் என்று எண்ணி உள்ளே விடுகிறது. அதனால்தான் டோபமைன் செல்கள் மட்டும் குறிப்பாகச் சாகின்றன. உள்ளே போனது மைட்டோகாண்ட்ரியாவில் சேர்கிறது. 1985-இல் நிக்லஸ், வியாஸ், ஹெய்க்கிலா மூவரும் அங்கே அது செய்யும் வேலையைக் கண்டுபிடித்தார்கள்: ஆற்றல் உண்டாக்கும் வரிசையின் முதல் படியையே அது அடைத்துவிடுகிறது. செல் நஞ்சால் நேரடியாகச் சாகவில்லை. ஆற்றல் இல்லாமல் பட்டினியால் சாகிறது.

இதன் கனத்தை உணர, மூளையின் செலவைத் தெரிந்துகொள்ள வேண்டும். உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் மூளை. ஓய்வில் இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. செல்லின் செலவுக்கான ஆற்றல் ஏடிபி என்ற மூலக்கூறில் இருக்கிறது. அதைச் சேமித்து வைக்க இடமில்லை. கையிருப்பு சில நொடிகளுக்குத்தான் காணும். திருவண்ணாமலையின் 2,668 அடி உயர மலையுச்சியில் 11 நாள் ஒளிரும் மகாதீபத்துக்கு ஒவ்வொரு நாளும் நெய் வார்த்தாக வேண்டும். முதல் நாள் வார்த்ததே போதும் என்று விட முடியாது. நரம்பு செல்லின் நிலையும் அதுதான், நாளுக்குப் பதில் நொடி. ஏடிபியை ஓயாமல் உண்டாக்கிக் கொடுப்பவை மைட்டோகாண்ட்ரியா. அவற்றின் உள்சவ்வில் ஐந்து பெரிய புரதக் கூட்டங்கள் இருக்கின்றன. உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை முதல் கூட்டம் வாங்கி அடுத்ததற்குக் கைமாற்றுகிறது. அந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் விசையால் ஐந்தாவது கூட்டம் ஏடிபியைச் செய்கிறது. முதல் கூட்டத்துக்குக் காம்ப்ளெக்ஸ் ஒன்று என்று பெயர். நாற்பதுக்கு மேற்பட்ட புரதங்கள் சேர்ந்தது; அவற்றில் ஏழுக்கான குறிப்பு மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏவில், அதாவது தாயிடமிருந்து மட்டும் வருகிற டிஎன்ஏவில் இருக்கிறது. இந்த முதல் படியில் அடைப்பு விழுந்தால் ஏடிபி குறையும். தேங்கிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லைத் தின்னும் வேதிப்பொருட்களாக மாறும்.

மூளையில் எத்தனையோ வகைச் செல்கள் இருக்க டோபமைன் செல்கள் மட்டும் ஏன் முதலில் விழுகின்றன? அவற்றுக்குச் செலவு அதிகம். ஒரு மனித டோபமைன் செல்லின் கிளைகளை எல்லாம் நீட்டினால் நான்கு மீட்டருக்கு மேல் வரும் என்றும், அதன் முனைகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை ஏற்படுத்துகின்றன என்றும் ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலிருந்து கட்டளை வராவிட்டாலும் இவை தாமாகத் துடித்துக்கொண்டே இருக்கின்றன; ஒவ்வொரு துடிப்பிலும் கால்சியம் உள்ளே வருகிறது, அதை வெளியே தள்ள மறுபடியும் ஆற்றல் வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபதாயிரம் அடிகள். அவற்றில் எதையும் நாம் யோசித்து வைப்பதில்லை. அடியெடுக்கும் வேலையைத் தடையில்லாமல் ஓட விடுவது இந்தச் செல்கள்தான். அவை குறைந்தவர் கோபுர வாசற்படிக்கு முன்னால் வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். குறுகிய வழியிலும் கதவடியிலும் இப்படி உறைவது இந்த நோயின் அடையாளம். அப்போது பின்னாலிருந்து தள்ளக்கூடாது. தரையில் ஒரு கோட்டைக் காட்டி, இதைத் தாண்டுங்கள் என்று சொன்னால் பலருக்குக் கால் எழும்.

கலிபோர்னியாவில் நடந்தது நஞ்சால் வந்தது. தானாக வருகிற நோயிலும் இதே பழுது இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 1989-இல் லண்டனில் ஆந்தனி ஷபீராவின் குழு, பார்க்கின்சன் நோயால் இறந்தவர்களின் சப்ஸ்டான்ஷியா நைக்ராவில் காம்ப்ளெக்ஸ் ஒன்றின் செயல்பாடு குறைந்திருப்பதை அளந்து காட்டியது. அதே ஆண்டு ஜப்பானில் மிசுனோவின் குழுவும் அமெரிக்காவில் பார்க்கரின் குழுவும் அதே திசையில் சான்றுகள் தந்தன. பார்க்கர் பார்த்தது மூளையை அல்ல, இரத்தத் தட்டணுக்களை. பழுது மூளைக்கு வெளியேயும் இருக்கலாம் என்று அது உணர்த்தியது.

இங்கே நம் நாட்டுக் கதை ஒன்று இருக்கிறது. அதைப் பேசாமல் கடந்துபோவது நியாயமில்லை. மத்திய இந்தியாவில் வறட்சியிலும் விளைகிற கேசரிப் பருப்பை மாதக்கணக்கில் முக்கிய உணவாகச் சாப்பிட்ட ஏழைகளுக்குக் கால்கள் விறைத்து, முழங்கால்கள் ஒன்றோடொன்று பின்னி, கோலில்லாமல் நடக்க முடியாத நிலை வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி சாகர் பகுதியில் கண்டதை எழுதியிருக்கிறார். கூலிக்குப் பதிலாக இந்தப் பருப்பையே வாங்கிய பண்ணையாட்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். 1961-இல் இதன் விற்பனைக்குத் தடை வந்தது. 1964-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா மூவரும் பருப்பிலுள்ள நஞ்சைப் பிரித்தார்கள். அந்த நஞ்சு நரம்பை அளவுக்கு மீறிக் கிளர்த்திக் கொல்கிறது என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது.

சென்னையில் பிறந்த விஜயலட்சுமி ரவீந்திரநாத், பெங்களூரு நிம்ஹான்ஸில் இருந்தபோது வேறொன்றைக் கண்டார். 1993-இல் அவருடைய ஆய்வகம், இந்த நஞ்சு மூளையின் மைட்டோகாண்ட்ரியாவில் காம்ப்ளெக்ஸ் ஒன்றை அடைப்பதைக் காட்டியது. 1998-இல் இன்னும் துல்லியமாக ஒரு சான்று வந்தது: நஞ்சூட்டிய சுண்டெலிகளில் பழுது விழுந்தது இயக்கத்தை ஆளும் மூளைப் புறணியிலும் இடுப்புக்குக் கீழுள்ள தண்டுவடப் பகுதியிலும்தான். கால்கள் விறைப்பதற்கான இடங்கள் இவையே. ஆற்றல் குறைவது முதலில் நடக்கிறது, கிளர்ச்சியால் வரும் சேதம் அதற்குப் பின். கேசரிப் பருப்பால் வரும் இந்த நோய் ஆண்களையே அதிகம் தாக்குவதற்கும் அவருடைய குழு ஒரு காரணம் கண்டது. காம்ப்ளெக்ஸ் ஒன்றைக் காக்கும் குளூட்டாரெடாக்சின் என்ற புரதம் பெண் சுண்டெலிகளின் மூளையில் கூடுதலாக இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அதற்குத் துணை நிற்கிறது. 2003-இல் அதே ஆய்வகம் எம்பிடிபி கொடுத்த சுண்டெலிகளிலும் அந்தப் புரதம் இல்லாமல் காம்ப்ளெக்ஸ் ஒன்று மீளாது என்று காட்டியது. கலிபோர்னியாவின் போதை ஊசியும் மத்தியப் பிரதேசத்தின் ஏழை உணவும் செல்லுக்குள் ஒரே படியில் வந்து நிற்கின்றன. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான். ரவீந்திரநாத் பின்னர் மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தின் நிறுவன இயக்குநராக இருந்தார்.

வயலுக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டம் நெல்லும் மணிலாவும் கரும்பும் விளைகிற பூமி. 2000-இல் அமெரிக்காவில் டிமோத்தி கிரீனமயரும் ரஞ்சிதா பெத்தர்பெத்தும் ரோட்டினோன் என்ற பூச்சிமருந்தை எலிகளின் இரத்தத்தில் சிறிது சிறிதாகச் செலுத்தினார்கள். தென்கிழக்கு ஆசியாவிலும் தென் அமெரிக்காவிலும் மீன் மயக்கிப் பிடிக்கப் பழங்காலத்திலிருந்து உதவும் வேர்களில் இருப்பதுதான் அது. காம்ப்ளெக்ஸ் ஒன்றை அடைப்பதே அதன் வேலை. எலிகளுக்கு நடுக்கமும் விறைப்பும் வந்தன. டோபமைன் செல்களில், மனித நோயில் காண்பது போன்ற புரதக் கட்டிகளும் வந்தன. 2011-இல் கரோலின் டானர் குழு அமெரிக்க விவசாயக் குடும்பங்களில் நடத்திய ஆய்வில், ரோட்டினோனோ பாராகுவாட்டோ பயன்படுத்தியவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 2.5 மடங்காக இருந்தது. பாராகுவாட் இந்தியாவில் நெடுங்காலமாக விற்கப்படும் களைக்கொல்லி. தெளிப்பான் கசிந்து முதுகு நனைய, முகத்தில் துணிகூட இல்லாமல், காற்றுக்கு எதிரே நின்று மருந்தடிக்கும் ஆட்களை நாம் தினமும் பார்க்கிறோம். கூலி கொடுப்பவர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை ஊர்க் கூட்டத்தில் பேசலாம். இதற்கு ஆராய்ச்சி நிதி எதுவும் வேண்டாம்.

குடும்பவழி நோயிலும் இதே தடம் தெரிகிறது. 1998-இல் ஜப்பானில் பார்க்கின் என்ற மரபணுவும் 2004-இல் பிங்க்1 என்ற மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டன. இவற்றில் பிழை இருப்பவர்களுக்கு இளவயதிலேயே நோய் வருகிறது. 2008-இல் டெரெக் நரேந்திராவும் ரிச்சர்ட் யூலும், பழுதான மைட்டோகாண்ட்ரியாவைப் பார்க்கின் புரதம் தேடிச் சென்று ஒட்டிக்கொள்வதையும், செல் அதை அப்புறப்படுத்துவதையும் காட்டினார்கள். பழையதை அகற்ற முடியாத செல், கெட்டுப்போனவற்றை வைத்துக்கொண்டே வாழ வேண்டியிருக்கிறது.

காரணம் இவ்வளவு தெரிந்த பிறகு மருந்து ஏன் வரவில்லை? முயலாமல் இல்லை. எம்பிடிபியை மாற்றும் நொதியைத் தடுக்கும் செலஜிலினை 800 நோயாளிகளிடம் சோதித்தார்கள். லெவோடோபா தேவைப்படும் நாள் தள்ளிப்போனது. ஆனால் நோயின் ஓட்டம் குறைந்ததா, நோய்க்குறி மட்டும் தணிந்ததா என்று பிரிக்க முடியவில்லை. காம்ப்ளெக்ஸ் ஒன்றிலிருந்து எலக்ட்ரானை வாங்கிச் செல்லும் கோஎன்சைம் க்யூ10 மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. 2002-இல் 80 பேரிடம் நடந்த சிறு ஆய்வு நல்ல அறிகுறி காட்டியது. 600 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு பலனில்லை என்று நிறுத்தப்பட்டு 2014-இல் வெளியானது. தசைக்கு ஆற்றல் தரும் கிரியாட்டினை 1,741 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் தேறவில்லை. பூனைக்காலிப் பருப்பிலேயே கோஎன்சைம் க்யூ10-உம் என்ஏடிஎச்-உம் இருப்பதாகவும், அது மூளை மைட்டோகாண்ட்ரியாவில் காம்ப்ளெக்ஸ் ஒன்றின் செயல்பாட்டைக் கூட்டுவதாகவும் பாலா மண்யம் குழு 2004-இல் எழுதியது. அவை ஆய்வகத்தில் எலிகளை வைத்துக் கண்டவை. மனிதரில் அது நோயை நிறுத்தும் என்று யாராவது விளம்பரம் செய்தால் நம்ப வேண்டாம்.

தோல்விக்கு நான் பொருந்தக்கூடியதாக நினைக்கும் காரணம் இரண்டு. கை நடுங்கத் தொடங்கும் நாளில் டோபமைன் செல்களில் பெரும்பங்கு ஏற்கெனவே போயிருக்கிறது. மிச்சமிருப்பவற்றுக்கு ஊட்டம் கொடுத்துத் தாமதமாகத்தான் பார்த்தார்கள். இன்னொன்று, எல்லா நோயாளிக்கும் ஆற்றல் பழுதே முதற்காரணம் என்று வைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரே ஆய்வில் சேர்த்தது. ஷபீராவின் அளவுகளிலேயே எல்லா மூளையும் ஒன்றுபோல் இல்லை. யாருக்கு மைட்டோகாண்ட்ரியா முதலில் கெடுகிறது என்று இரத்தத்திலோ தோல் செல்லிலோ பார்த்துப் பிரித்து, அவர்களை மட்டும் வைத்துச் சோதிக்கும் முயற்சிகள் இப்போது நடந்து வருகின்றன.

லெவோடோபா வருவதற்கு முன்பே மதராஸில் இந்த நடுக்கத்தை வேறு வழியில் எதிர்கொண்டவர்கள் உண்டு. 1950-இல் பி. ராமமூர்த்தி தொடங்கிய நரம்பு அறுவைப் பிரிவில், வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், டி.எஸ். கனகா ஆகியோர் மூளையின் உள்ளே ஒரு குறிப்பிட்ட புள்ளியை அளந்து சென்று தொட்டார்கள். பொது மருத்துவமனையில், கட்டணம் கட்ட முடியாத நோயாளிகளுக்காக அதைச் செய்த அந்தக் குழுவைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)